ஏட்டுச் சுரைக்காயும் சோதனைக் குழாயும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் மொழி. இப்பழமொழி வேறெந்தப் பாடத்திற்குப் பொருந்துகிறதோ இல்லையோ, வேதியியலுக்கு முற்றிலும் பொருந்தும். பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எவ்வாறு மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்று ஆராய்வதே வேதியியல். அம்மாற்றத்தைக் கண்ணால் காணாமல், கையால் செய்யாமல், சமன்பாடுகளை மட்டும் நெட்டுருச் செய்து ஒப்புவிக்கும் மாணவியை என்னென்பது? குழம்பு வைக்கும் முறையை எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, அடுப்பை மூட்டத் தெரியாமல் விழிப்பவளுக்கும் அவளுக்கும் வேற்றுமை யாது?

வேதியியலை ஒவ்வொரு மாணவியும் தன் கையால் செய்து கற்க வேண்டும் என்பதே நமது துணிபு. இதனைப் புதிய கருத்தென்று யாரும் கூறமாட்டார்கள். கல்வியாளர் பலர் பலகாலும் கூறியதே. ஆயினும், 'செய்து கற்றால் நன்றாக மனத்தில் பதியும்' என்ற ஒரே காரணத்தோடு பலரும் நின்றுவிடுகின்றனர். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது உண்மை பேசும் பழக்கத்தைப் பற்றியது. ஆகவே அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் தோழியரும் சற்றுப் பொறுமையுடன் நம்மோடு இதனை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

பல பள்ளிகளில் செய்முறை வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது? ஆய்வுக்கூடத்தில் நீண்ட மேசை ஒன்று. அதன் பின்னால் ஆசிரியை. முன்னால் நாற்பது, ஐம்பது மாணவியர். ஆசிரியை ஒரு குழாயில் ஒரு கரைசலை எடுத்து மற்றொன்றை ஊற்றுகிறார். முதல் வரிசையில் நிற்போர் நிறம் மாறுவதைக் காண்கின்றனர். இரண்டாம் வரிசையினர் எட்டிப் பார்க்கின்றனர். கடைசி வரிசைக்குத் தெரிவதெல்லாம் முன் வரிசையின் இரட்டைப் பின்னல்கள் மட்டுமே! மணி அடிக்கிறது. பின்னர் அனைவரும் பதிவேட்டை விரித்து எழுதுகின்றனர்.

அப்பதிவேட்டில் 'சோதனை', 'காண்பன', 'அறிவன' என மூன்று கட்டங்கள் உண்டு. நடுக் கட்டத்தை உற்று நோக்குங்கள். 'காண்பன' என்றால் நான் என் கண்ணால் கண்டவை என்று பொருள். அக்கட்டத்தில் 'வெண்ணிற வீழ்படிவு தோன்றியது' என்று எழுதுகிற மாணவி வீழ்படிவைக் கண்டாளா? குழாயையே காணவில்லை. சென்ற ஆண்டு படித்த அக்காளின் பதிவேட்டிலிருந்து அவ்வரி இவளது பதிவேட்டிற்கு வந்து சேர்ந்தது. அந்த அக்காளுக்கு அதற்கு முந்தைய ஆண்டுப் பதிவேடு துணை நின்றது. காணாததைக் கண்டேன் என்று எழுதுவதற்கு வேறு பெயர் என்ன? நீதிபோதனை வகுப்பில் 'பொய் சொல்லாதே' என்று கற்பித்துவிட்டு, அடுத்த மணியில் அழகிய கையெழுத்தில் பொய் எழுதப் பழக்குவது முறையாகுமா? குழந்தைகள் மீது குற்றமில்லை. கையில் குழாயைக் கொடுக்காமல் கண்டதை எழுதச் சொன்னால் அவர்கள்தாம் என்ன செய்வார்கள்?

'ஆய்வுக்கூடத்தில் இடமில்லை, கருவிகள் இல்லை' என்பர் சிலர். ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்போம். சாம்பார் சிந்திய வெள்ளைச் சீருடையைத் துவைத்த அனுபவம் நம் இல்லங்களில் யாருக்கு இல்லை? மஞ்சளாக இருந்த கறையின்மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்தவுடன் அது செக்கச் செவேலென்று மாறுகிறது. நீரில் நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகிறது. சோப்பு காரத் தன்மை உடையது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். திருமண வீட்டில் ஆரத்திக்கென மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் அது குருதிச் சிவப்பாவதும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து மரபு முறையில் குங்குமம் செய்வதும் இந்த வினையாலேயே. வெயிலில் காயப் போட்டால் மஞ்சள் கறை வெளுத்துப் போகும் என்பதும் நம் அன்னையர் அறிந்ததே. கதிரொளி அந்நிறப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அஞ்சறைப் பெட்டியே செய்துவிடுகிறதல்லவா?

பூக்களும் அவ்வாறே. ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் 1664இல் வெளியிட்ட நூலில், ஊதா நிற வயலட் மலரின் சாறு அமிலத்தால் சிவப்பதையும் காரத்தால் பச்சையாவதையும் விளக்கினார். நமக்கு வயலட் மலர் வேண்டியதில்லை. வேலியில் படரும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்து வடிகட்டினால் நல்ல நீலச் சாறு கிடைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் அது இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். சலவைச் சோடா நீர் விட்டால் பச்சையாகும். செம்பருத்தி இதழும் இவ்வாறே நிறம் மாறும். இதற்கு ஆகும் செலவு என்ன? பூப்பறிக்கும் நேரம் ஒன்றே.

இனி, நூலில் விடை இல்லாத சோதனைகள் இரண்டைக் கூறுவோம். நூலில் விடை இருந்தால் கண் நூலின் பக்கமே சாயும். விடை இல்லாத இடத்தில்தான் கண் உண்மையிலேயே காணத் தொடங்கும்.

முதலாவது, தண்ணீர்ச் சோதனை. நாற்பது மாணவியர் உள்ள வகுப்பு எனக் கொள்வோம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் தண்ணீரைச் சிறு குப்பியில் கொண்டு வரட்டும். ஒருத்தி ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றொருத்தி குழாய் நீர். ஒருத்தி பிடித்து வைத்த மழைநீர். ஒரே அளவுள்ள குப்பிகளில் ஒரே அளவு நீரை எடுத்து, சோப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை எழுந்து கலையாமல் நிற்க எத்தனை துளிகள் வேண்டும் என்று எண்ணி எழுத வேண்டும். மழைநீர் சில துளிகளிலேயே நுரைத்துவிடும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீரோ சோப்பைத் திரித்து ஆடையாக்கித் தின்றுகொண்டே இருக்கும். எண்களையெல்லாம் கரும்பலகையில் தெருவாரியாக எழுதினால் நம் ஊரின் நீர் வரைபடம் உருவாகிவிடும்! எந்தத் தெருவில் சோப்பு விரைவில் கரைந்து போகிறது, எந்த வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏன் படிகிறது என்பது அன்றே விளங்கும். கொதிக்க வைத்து ஆறவைத்த நீரில் அதே சோதனையை மறுபடியும் செய்தால், நீங்கும் கடினத்தன்மையும் நீங்காக் கடினத்தன்மையும் வேறு வேறு என்பதைத் துளிகளே சொல்லும். இவ்வெண்களை எந்த அக்காளின் பதிவேட்டிலிருந்தும் எழுத முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, கோலமாவுச் சோதனை. அவரவர் வீட்டுக் கோலமாவில் ஒரு சிட்டிகை எடுத்து, அதன்மேல் சில துளிகள் வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் பொடியாயின் குமிழிகள் எழும். அது கரியமில வாயு. அரிசி மாவோ வெண்கற்பொடியோ ஆயின் குமிழி எழாது. பிறகு அதே மாவில் டிங்க்சர் அயோடின் ஒரு துளி விட்டால் அரிசி மாவு கருநீலமாகும். கல்லாயின் அவ்வாறு ஆகாது. 'என் வீட்டு வாசலில் இருப்பது எறும்புக்கு உணவா, வெறும் கல்லா?' என்ற கேள்விக்கு ஒரு பத்து வயதுப் பெண் தானே விடை கண்டுவிடுவாள். அந்த மகிழ்ச்சியை எந்தப் பரிசுக் கோப்பை தரும்?

பெண்களும் சமையலறையும் வேதியியலும் சந்தித்த வரலாறு உலக ஏட்டிலும் உண்டு. 1806இல் இலண்டனில் 'வேதியியல் உரையாடல்கள்' என்ற நூல் வெளிவந்தது. ஆசிரியை ஒருவர் எமிலி, கரோலின் என்னும் இரு சிறுமியரோடு உரையாடி, சோதனைகள் செய்து காட்டி வேதியியலை விளக்குவதாக அமைந்த நூல் அது. எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் அம்மையார். முதற் பதிப்பில் அவர் பெயரே அச்சிடப்படவில்லை. ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டபோது விளங்காதவை, நண்பர் ஒருவரோடு பேசிச் சோதனைகளைத் திரும்பச் செய்த பின்னரே விளங்கின என்று அவ்வம்மையார் முன்னுரையில் குறித்துள்ளார். நூல் கட்டும் கடையில் தொழில் பழகிய ஏழை இளைஞர் ஒருவர் கைக்கு அந்நூல் கிட்டியது. அவர் படித்ததோடு நில்லாமல், தம்மால் இயன்ற சிறு சோதனைகளைச் செய்து, நூல் கூறுவது மெய்தானா என்று சரிபார்த்தார். அவ்விளைஞரே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே! அச்சில் இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடாமல், கையால் செய்து பார்த்து நம்பிய அந்த மனப்பான்மைதான் அறிவியலின் உயிர்.

இன்னொரு பெண்மணியையும் நினைவு கூர்வோம். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்பவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர்; அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைத்திருந்தன. நோயுற்ற பெற்றோரைப் பேணி, வீட்டு வேலைகளைப் பார்த்து வந்த அவர், பாத்திரம் துலக்கும் நீரின்மேல் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாற்றத்தைக் கூர்ந்து நோக்கினார். தகரத் தொட்டி ஒன்றையும் ஒரு பொத்தானையும் சிறு தராசையும் கொண்டு நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். 1891இல் தம் முடிவுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அதன் அருமையை உணர்ந்த ரேலி அதனைப் புகழ் பெற்ற 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி, அவ்வாண்டே வெளிவரச் செய்தார். பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் பயிலாத அவருக்கு 1932இல் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பாத்திரம் துலக்கும் பெண்கள் கோடி. துலக்கிய நீரை உற்று நோக்கியவர் சிலரே.

'அவையெல்லாம் மேலை நாட்டுக் கதைகள். நம் நாட்டு அரசுப் பள்ளிகளில், அதுவும் கிராமங்களில் நடக்குமா?' என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த கிராமப்புறக் குழந்தைகள் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதாடி முடிவுக்கு வந்தனர். தேர்வில் நூலையும் தம் குறிப்பேட்டையும் திறந்து பார்க்க அவர்களுக்கு அனுமதி உண்டு. கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிக்கவில்லை, சிந்தனையைச் சோதித்தன. பிற மாவட்டங்களுக்கும் பரவி முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002இல் அரசு ஆணையால் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டது வருந்தத்தக்கதே. ஆயினும், விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே கிராமத்துக் குழந்தைகள் அறிவியலைச் செய்து கற்க முடியும் என்பதை அந்த முப்பது ஆண்டுகள் காட்டிவிட்டன.

இனி, தடைகளைப் பார்ப்போம். முதற் தடை செலவு. சோதனைக் குழாய்தான் வேண்டுமென்பதில்லை. வெற்று மாத்திரை அட்டையின் குழிகளைக் கழுவி வைத்தால் பத்துச் சோதனைகளை வரிசையாகச் செய்யலாம். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு மூன்று துளிகள் போதும். துளி அளவில் செய்யும்போது பொருள் மிச்சம், கழிவும் குறைவு, ஆபத்தும் குறைவு. நன்கு கழுவிய மருந்துக் குப்பிகளும் மை நிரப்பியும் குண்டூசியும் பழைய மின்கலங்களும் எந்த இல்லத்தில் இல்லை? மயில் துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் அதன்மேல் செம்பு படிவதைக் காண ஆணி ஒன்றும் துத்தத் துணுக்கு ஒன்றும் போதுமே!

இரண்டாவது தடை ஆபத்து. இது பெற்றோரின் நியாயமான அச்சம். இதனை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆகவே சில விதிகளை விலக்கின்றிக் கடைப்பிடிக்க வேண்டும். ஆசிரியை இல்லாத வேளையில் சோதனை இல்லை. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். மேலாக்கைக் குத்தி வைத்துக்கொள்ள வேண்டும். சுடரருகே நைலான் ஆடை ஆகாது. எதனையும் நாவில் வைத்துப் பார்க்கலாகாது. அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக விட வேண்டும்; நீரை அமிலத்தில் விடலாகாது. மயில் துத்தம் நஞ்சு. தொட்ட பின் கைகழுவ வேண்டும். இவ்விதிகள் பள்ளிக்கு மட்டுமல்ல. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும் என்பதை அறியாத இல்லங்கள் எத்தனை! வேதியியலைக் கையால் கற்றவள் தன் வீட்டாரை அத்தகைய விபத்திலிருந்து காப்பாள். ஆய்வுக்கூடத்தில் பழகிய எச்சரிக்கை இல்லத்திற்கும் கூட வரும். கையைக் கட்டி வைத்துக் காப்பதைவிடக் கைக்கு எச்சரிக்கையைப் பழக்கிக் காப்பதே மேல்.

மூன்றாவது தடை நேரம். 'பாடப் பகுதியை முடிக்க வேண்டாமா?' என்பது ஆசிரியைகளின் கவலை. உண்மையே. ஆனால் பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் அறிவியலின் 100 மதிப்பெண்களில் 25 செய்முறைக்கு உரியவை. நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்கு நான்கில் ஒரு பங்கு நேரம் தருகிறோமா? கையால் செய்து அறிந்த அமில, கார வேற்றுமையை மூன்று முறை திரும்பப் படிக்க வேண்டியதுமில்லை. தொடக்கத்தில் செலவிடும் ஒரு மணி, இறுதியில் பல மணிகளை மீட்டுத் தரும்.

'கைப்பேசியில் காணொளி இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா?' என்போரும் உளர். காணொளி நல்ல துணை. ஆபத்தான சோதனைகளுக்கு அதுவே தக்க வழி. எனினும் காணொளியில் சோதனை தவறுவதே இல்லை. யூரியா உரத்தை நீரில் கரைத்தால் குவளை சில்லிடுவதை எந்தத் திரை உணர்த்தும்? 'என் குப்பியில் நிறம் மாறவில்லையே, ஏன்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வாய்ப்பை எந்தத் திரை தரும்? அக்கேள்வியே பாதிக் கல்வி.

ஓர் எச்சரிக்கையையும் மறைக்காமல் கூறிவிடுவோம். கை ஓடினால் மட்டும் போதாது. கருத்தும் ஓட வேண்டும். அறிவியல் கண்காட்சிகளில் ஆப்பச் சோடாவும் வினிகரும் சேர்ந்து 'எரிமலை' பொங்குகிறது, பார்ப்போர் கைதட்டுகின்றனர். 'பொங்கியது எந்த வாயு? அது இன்ன வாயுதான் என்று எப்படித் தெரியும்?' என்று ஒருவர் கேட்டால் செய்து காட்டியவளே விழிப்பதுண்டு. எரியும் தீக்குச்சியை அருகே காட்டியோ, வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்திப் பால்போல் கலங்குகிறதா என்று நோக்கியோ அறியாவிட்டால் அது அறிவியலன்று, செப்பிடு வித்தை. ஆகவே, முதலில் கேள்வி, பிறகு ஊகம், பிறகு செயல், கண்டதை எழுதுதல், இறுதியில் 'ஏன்?' என்ற வாதம். இவ்வரிசை தவறலாகாது.

நமது வேண்டுகோள்கள் நான்கே. ஆறாம் வகுப்பு முதலே வாரத்திற்கு ஒரு பாடவேளையாவது மாணவியர் கைக்குத் தரப்பட வேண்டும். பருவத்திற்கு இரண்டு சோதனைகளாவது நூலில் விடை இல்லாதனவாக இருக்க வேண்டும். 'காண்பன' என்னும் கட்டத்தை அந்த இடத்திலேயே, அந்த வேளையிலேயே எழுத வேண்டும். நிறம் மாறாவிட்டால் 'மாறவில்லை' என்றே எழுத வேண்டும். அவ்வாறு எழுதியவளுக்கு மதிப்பெண் குறையலாகாது. மேல் வகுப்பு மாணவியர் தம் பதிவேட்டைத் தங்கைக்குக் கொடுப்பதை விடுத்து, ஒரு மணி நேரம் அவளருகே நின்று குழாயைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இந்நான்கில் மூன்றாவதே மிக எளியது. மிகக் கடினமானதும் அதுவே. அதற்குப் பணம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். 'மாறவில்லை' என்று எழுதியவளை நோக்கி, 'நன்று, ஏன் மாறவில்லை என்று பார்ப்போமா?' என்று கேட்கும் ஆசிரியை ஒருவர் இருந்தால் போதும். அவ்வாறு கேட்கப்பட்ட பெண் நாளை மருத்துவமனையில் செவிலியாக அளவு குறிக்கும்போதும், அலுவலகத்தில் கணக்கு எழுதும்போதும், இல்லத்தில் தன் மகளின் கேள்விக்கு விடை கூறும்போதும் கண்டதையே கண்டதாகச் சொல்வாள். நாட்டுக்கு வேதியியல் வல்லுநர் சிலர் போதும். கண்டதை உள்ளபடி கூறும் பெண்களோ எத்தனை பேர் இருந்தாலும் மிகையாகார்.

தோழியரே, கண்ணாடி அலமாரியின் சாவி ஆசிரியையிடம் இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியோ நம் வீட்டில் திறந்தே இருக்கிறது. அன்னையின் அனுமதியோடு ஒரு சிட்டிகை மஞ்சளை எடுத்து இன்றே தொடங்குவோம்!